இருபத்திரண்டு டயர்

எர்ணாவூர் பாலம் இறங்கி
ராத்திரி பதினொண்ணுக்கு நின்ன வண்டி.
இப்போ விடிஞ்சு ஏழு.
எட்டு மணி நேரத்துல நகர்ந்தது
மூணு டிரெய்லர் நீளம்.

தினம் முக்கால் மணி நேரம் நடங்கன்னு
ஸ்டான்லியில எழுதிக் கொடுத்தாங்க.
எங்கேன்னு நான் கேட்கல.
ஒரு பக்கம் கடலுக்குப் போட்ட பாறை,
ஒரு பக்கம் தூசி,
நடுவுல கன்டெய்னர் வரிசை.
அதுக்கும் டயருக்கும் இடையில
ஒரு ஆள் நடக்க இடம் இருக்கு.
ஸ்டியரிங்ல தயாளனை உட்கார வெச்சுட்டு
இறங்கி நடக்குறேன்.
வரிசை நகர்ந்தா ரெண்டு ஹாரன்.
ரெண்டு ஹாரன் இதுவரைக்கும் கேட்கல,
உடம்புக்கு நல்லதுதான்.

ஒன்பது புள்ளி நாலு.
மூணு மாசத்து ரத்தத்துக்கு
ஒரே நம்பர் போட்டுட்டாங்க.
நான் அந்த மூணு மாசத்தை யோசிச்சேன்.
பசிச்சு சாப்பிட்டது எத்தனை நாள்?
நேரம் போகல, அதுக்கு ஒரு டீ.
தூக்கம் வருது, அதுக்கு ஒரு டீ.
முன் வண்டி கிளம்பிடுச்சு,
அந்த சந்தோஷத்துக்கு ஒண்ணு.
மணி ஒண்ணுக்கு பரோட்டா, சால்னா,
மேலே இன்னொரு கரண்டி சால்னா.

டயட் சொல்லும் பொண்ணு, பேர் கயல்,
ராத்திரிக்கு எத்தனை டீன்னு கேட்டுட்டு
ஒரு டம்ளரை எடுத்து
ஸ்பூன் ஸ்பூனா சர்க்கரை கொட்டினா.
எட்டு டீக்குப் பதினாறு.
பாதி டம்ளர் நிறைஞ்சது.
கலக்காம, தனியா, வெள்ளையா,
அதை நான் பார்த்ததே இல்ல.

அப்புறம் ஒரு தட்டு வரைஞ்சா.
பாதி காய், கால் சோறு,
மீதிக் கால் பருப்போ மீனோ.
எனக்குத் தட்டே கிடையாது மேடம்,
பார்சல் கவர்தான்னேன்.
அப்போ கவரைப் பிரிச்சு
அதுல கோடு போடுங்கன்னா.
சிரிக்கவே இல்ல.
வஞ்சிரம் வேணாம், விலை ஜாஸ்தி,
கவலை வாங்குங்க, நல்ல கொழுப்பு
அந்த மீன்லதான்.
வீட்டுல எஸ்தர் இதைக் கேட்டு
கவலையைத் தின்னு, படாதேன்னா.
இப்போ டிபன் பாக்ஸுல
அரைக்கீரை மேலே வருது,
சோறு அடியில ஒளிஞ்சுக்குது.
பரோட்டாக் கடையைத் தாண்டும்போது மட்டும்
கண்ணாடியை ஏத்திக்குறேன்.
போன வியாழன் ஏத்தல.

வெங்கையா வண்டியில
டேப் கேட்டு ஏறினேன்.
டாஷ்போர்டு திறந்தான்.
ஆர்.சி. புக், சாமி விபூதி,
எனக்குத் தெரிஞ்ச அதே வெள்ளை மாத்திரை அட்டை.
நான் கேட்கல,
அவனும் மறைக்கல.
ரெஜினாக்கா சைக்கிள்ல இப்போ ரெண்டு பிளாஸ்க்.
சிவப்பு மூடி, சர்க்கரை போடாதது.
இந்த வரிசையில
அதுதான் முதல்ல காலியாகுது.

டாக்டர் கடைசியா சொன்னது
சீட்டுல எழுதல.
தினம் காலைப் பாருங்க.
கீறல், கொப்புளம், எதுவும்.
வலிச்சாத்தான் தெரியும்னு இருக்காதீங்க,
வலிக்காது.

இருபத்திரண்டு டயர் எனக்கு.
தினம் ராடு எடுத்துத் தட்டிப் பார்ப்பேன்.
சத்தம் கணீர்னு வந்தா காத்து சரி,
பொத்துனு வந்தா இறங்கியிருக்கு.
எந்த டயர்ல எந்த ஊர் ஆணி ஏறினதுன்னு
கேட்டாச் சொல்லுவேன்.
நாற்பத்தேழு வருஷமா
என் உள்ளங்காலை நான் பார்த்ததில்ல.

படியில உட்கார்ந்து செருப்பைக் கழட்டினேன்.
குனிஞ்சா தொப்பை இடிக்குது.
தயாளன் ஷேவ் பண்ணுற கண்ணாடியை வாங்கி
காலுக்குக் கீழே பிடிச்சேன்.
வெடிப்பு.
கருப்பா ஆயில் கறை.
கட்டை விரல் பக்கத்துல
எப்போ குத்துச்சுன்னு தெரியாத ஒண்ணு,
மிளகு அளவு.

விரலால தட்டிப் பார்த்தேன்.

பின்னாடி யாரோ ஹாரன் அடிக்குறான்.
இரு, வரேன்.